‘இப்போதைக்கு இல்லை’ என்று பதில் வந்தால்: வளர்ப்புப் பெற்றோர் விண்ணப்பத்தில் வரும் தடங்கல்கள்

விண்ணப்பம் போட்டாகிவிட்டது. சமூக ஊழியர் இரண்டு மூன்று முறை வீட்டுக்கு வந்து, அறை அறையாகப் பார்த்து, பிள்ளைகளிடமும் பேசிவிட்டுப் போயிருக்கிறார். அதன் பிறகு “இப்போதைக்குத் தொடர முடியவில்லை” என்று பதில் வந்தால் மனசு உடைந்துதான் போகும். யாரோ பெற்ற பிள்ளையை நம் பிள்ளையாய்ப் பார்த்துக்கொள்கிறோம் என்று முன்வந்தவர்களை வேண்டாம் என்கிறார்களே என்று கோபமும் வரும். அந்த வருத்தம் நியாயமானது. அது அடங்கிய பிறகு காரணத்தைத் தேட வேண்டும். பெரும்பாலும் அது ஒன்றிரண்டு விஷயங்களில்தான் நிற்கும்: அடுப்படிச் சன்னல், வருமானத் தாள், மாமியாரின் தயக்கம், வராமல் போன மருத்துவர் கடிதம். எது என்று தெரிந்துகொள்ளாமல் திரும்ப விண்ணப்பித்தால் திரும்ப அதே இடத்தில்தான் நிற்கும்.

சொந்தக் குடும்பத்தோடு இருக்க முடியாத பிள்ளையை, அது திரும்பிப் போகும்வரை இன்னொரு குடும்பம் பார்த்துக்கொள்வதுதான் வளர்ப்புப் பராமரிப்பு. சிங்கப்பூரில் இந்தத் திட்டம் 1956ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது. பொறுப்பு சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சிடம் இருக்கிறது. எம்சிஒய்சி, பாய்ஸ் டவுன், எப்வொர்த், கிரேஸ்ஹேவன், பிபிஐஎஸ் போன்ற அமைப்புகள் குடும்பங்களைச் சேர்ப்பது, மதிப்பிடுவது, பயிற்சி தருவது, பிள்ளை வந்த பிறகு கூடவே நிற்பது ஆகிய வேலைகளைச் செய்கின்றன. சிலவற்றின் பெயரிலும் பின்னணியிலும் கிறிஸ்துவ அடையாளம் இருப்பதைப் பார்த்து இந்துக் குடும்பங்கள் தயங்குவதுண்டு. தயங்க வேண்டியதில்லை.

விளக்கக் கூட்டம், விண்ணப்பம், பின்னணிச் சோதனை, மருத்துவப் பரிசோதனை, வீட்டு வருகைகள், கணவன் மனைவியிடம் சேர்ந்தும் தனித்தனியாகவும் பேட்டி, வீட்டில் உள்ள மற்றவர்களிடம் பேச்சு, பயிற்சி, அதன் பிறகு ஒப்புதல் என்று இது மாதக் கணக்கில் போகும் வேலை. தடங்கல் இவற்றில் எங்கும் வரலாம். எந்தக் கட்டத்தில் நின்றது என்று தெரிந்தாலே பாதிக் காரணம் பிடிபட்டுவிடும்.

தாளில் நிற்கும் விண்ணப்பங்கள்

அடிப்படைத் தகுதிகள் எளிமையானவை. சிங்கப்பூரில் வசிக்கும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். குறைந்தது 25 வயது. திருமணமானவராக இருப்பது விரும்பத்தக்கது. உயர்நிலைப் பள்ளி வரையிலாவது படித்திருக்க வேண்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு உடல்நலம் வேண்டும். குடும்ப மாத வருமானம் குறைந்தது 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), தலைக்கு 700 வெள்ளி.

தலைக்கு 700 என்பதில்தான் பல குடும்பங்கள் கணக்குத் தவறுகின்றன. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமியார் என ஐந்து பேர் இருக்கும் வீட்டில் ஒருவர் சம்பளம் 3,400 வெள்ளி என்றால் முதல் வரம்பைத் தாண்டியாயிற்று. ஐந்தால் வகுத்தால் 680. இரண்டாவது வரம்பில் 20 வெள்ளி குறைகிறது. மாமியாருக்கு மசேநி (மத்திய சேமநிதி) ஆயுள் திட்டத்திலிருந்து மாதம் ஒரு தொகை வருகிறதா, மனைவி வீட்டிலேயே சமைத்துக் கொடுத்துச் சம்பாதிக்கிறாரா என்பதையெல்லாம் விட்டுவிட்டு ஒரே சம்பளச் சீட்டைக் கொடுத்தால் வீட்டின் உண்மையான நிலை தாளில் தெரியாது. வரும் பணம் எல்லாவற்றையும் சான்றோடு எழுதுங்கள்.

சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு இது இன்னும் சிக்கல். டாக்சி, தனியார் வாடகைக் கார் ஓட்டுபவர்கள் கையில் புழங்கும் பணத்தை மனத்தில் வைத்து ஒரு தொகை எழுதுவார்கள். வருமான வரி மதிப்பீட்டு அறிவிப்பிலோ செலவு கழிந்த நிகர வருமானம்தான் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கேள்வி வரும். மதிப்பீட்டு அறிவிப்பில் உள்ள தொகையையே எழுதிவிட்டு, இந்த ஆண்டு வருமானம் கூடியிருந்தால் மாத வாரியான வங்கி விவரத்தைத் தனியே இணையுங்கள். சம்பளக்காரர்கள் மசேநி சந்தா விவரத்தை எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

தமிழ்நாட்டில் படித்து இங்கே நிரந்தரவாசம் பெற்றவர்கள் பத்தாம் வகுப்புச் சான்றிதழை ஊரில் பீரோவில் பூட்டி வைத்திருப்பார்கள். விண்ணப்பிக்கும் முன்னரே வரவழைத்துவிடுங்கள். திருமணச் சான்றிதழில் இருக்கும் பெயரும் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் தலைப்பெழுத்தில் மாறியிருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

வீடு

வீட்டைப் பார்க்க வருபவர் தரை பளபளக்கிறதா என்று பார்ப்பதில்லை. மூன்று வயதுப் பிள்ளையின் உயரத்தில் நின்று பார்க்கிறார். நம் ஊர் வீடுகளில் அவர் முதலில் போகும் இடம் சன்னல்தான், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடியில் அதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை.

கூடத்துக்கும் படுக்கையறைக்கும் கம்பி போட்டுவிட்டு அடுப்படியையும் துணி துவைக்கும் இடத்தையும் விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. துணிக்கழி நீட்ட வேண்டுமே என்று அந்தச் சன்னலைத் திறந்தே வைத்திருப்பார்கள். அதன் அடியில் வாளி, சலவை இயந்திரம், சின்ன முக்காலி. ஒரு பிள்ளை ஏறுவதற்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. கம்பிகளுக்கு இடையே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, அதற்கு மேல் போனால் சிறு குழந்தை நுழைந்துவிடும். குறுக்குக் கம்பி ஏணிபோல் ஆகிவிடும், நெடுக்குக் கம்பி பாதுகாப்பு. திறந்து மூடும் கம்பியென்றால் பூட்டு வேண்டும். சாவி பூட்டிலேயே தொங்கக்கூடாது, தீ விபத்து என்றால் பெரியவர்கள் உடனே எடுக்கும் இடத்திலும் இருக்க வேண்டும். மெல்லிய எஃகுக் கயிற்றில் செய்யும் ‘கண்ணுக்குத் தெரியாத’ கம்பி போட்டவர்கள் கயிறு தளர்ந்திருக்கிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள்.

கொண்டோவில், அதாவது தனியார் அடுக்குமாடியில் இருப்பவர்கள், வெளித்தோற்றம் மாறிவிடும் என்று நிர்வாகம் கம்பியை அனுமதிக்கவில்லை என்பார்கள். அடுக்குமாடி உரிமையாளர்களுக்கான துணைவிதிகளில், பிள்ளைகளுக்கு ஆபத்து வராமல் தடுக்கும் அமைப்பைப் பொருத்திக்கொள்ள இடம் இருக்கிறது. எந்த வடிவம், எந்த நிறம் என்பதைப் பேசி முடித்து எழுத்தில் ஒப்புதல் வாங்கி, அந்தக் கடிதத்தின் நகலைச் சமூக ஊழியரிடம் கொடுங்கள். வேலை முடிய நாளாகும் என்றால் ஒப்பந்தக்காரரின் விலைப்புள்ளியும் தேதியும் கையில் இருக்கட்டும். ‘போட்டுவிடுவோம்’ என்ற வாய்ச்சொல்லை விட அதற்கு மதிப்பு அதிகம்.

சாமி மேடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எரியும் விளக்கு, தீப்பெட்டி, எண்ணெய்ப் புட்டி எல்லாம் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் இருந்தால் ஏதாவது நடக்கும். இவற்றில் சூடம் தனி ஆபத்து. கற்கண்டு என்று நினைத்துச் சிறு பிள்ளை வாயில் போட்டுக்கொண்டால், கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரலாம். மேடையை எடுக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. இவற்றை மேல் அலமாரியில் பூட்டி வைத்து, விளக்கு எரியும் நேரத்தில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். தாத்தாவின் சர்க்கரை மாத்திரை, ரத்தக் கொதிப்பு மாத்திரை வாரப் பெட்டியோடு சாப்பாட்டு மேசையில் இருப்பதும் இதே கணக்கு. குளியலறையில் தண்ணீர் நிறைந்த வாளியும் அப்படித்தான்.

படுக்கும் இடம். பிள்ளைக்கென்று ஒரு கட்டில் அல்லது மெத்தை, துணி வைக்க ஓர் அலமாரித் தட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உடை மாற்ற ஓர் இடம் வேண்டும். கூடத்துச் சோபா படுக்கை ஆகாது. ஆணும் பெண்ணுமாகப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் யார் யாரோடு படுப்பார்கள் என்று ஒரு தாளில் வரைந்து வையுங்கள். ஓர் அறையை வாடகைக்கு விட்டிருந்தால் அது பெரிய தடங்கல், ஏனென்றால் குடும்பத்தில் இல்லாத ஒரு பெரியவர் பிள்ளையோடு ஒரே கூரையின் கீழ் இருக்கிறார். வாடகைப் பணமா, விண்ணப்பமா என்று முடிவு செய்துவிட்டு, குத்தகை முடிந்த பிறகு விண்ணப்பிப்பதுதான் நேர்வழி. வாடகைக்காரரை ‘சொந்தக்காரர்’ என்று சொல்லி வைப்பது மிகப் பெரிய தவறு. அடுத்த வருகையிலேயே அது வெளியே வரும், அதன் பிறகு நீங்கள் சொல்லும் மற்ற எதையும் நம்ப மாட்டார்கள்.

வீட்டில் உள்ளவர்கள்

கம்பியை ஒரு வாரத்தில் போட்டுவிடலாம். மனிதர்களுக்கு நாள் பிடிக்கும்.

கணவனும் மனைவியும் ஒரே மனதாக இருப்பார்கள். மாமியாரிடம் தனியே பேசும்போது “எனக்கென்ன தெரியும், அவங்க இஷ்டம்” என்று வரும். அல்லது “எந்த வீட்டுப் பிள்ளையோ, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது” என்று வரும். அதைப் பேட்டி எடுப்பவர் குறித்துக்கொள்வார். பகல் முழுக்க அந்தப் பிள்ளையோடு வீட்டில் இருக்கப்போவது அந்த மாமியார்தானே. ஆகவே விண்ணப்பத் தாளை நிரப்புவதற்கு முன்பே அவரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். எந்த மாதிரிப் பிள்ளைகள் வருவார்கள், பெற்றோர் சிறையில் இருக்கலாம், நோயில் இருக்கலாம், அடித்தோ கவனிக்காமலோ விட்டிருக்கலாம், பிள்ளை திரும்பித் தன் குடும்பத்துக்கே போகலாம் என்றெல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும். தமிழில்தான் சரளமாகப் பேசுவார் என்றால் பேட்டிக்கு முன்பே அதைச் சொல்லி, தமிழ் தெரிந்த ஒருவரை ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேளுங்கள். மகனே மொழிபெயர்த்தால் அவர் மனசு வெளியே வராது.

உங்கள் சொந்தப் பிள்ளைகளின் பேச்சுக்கும் அதே எடை உண்டு. 14 வயது மகள் தன் அறையைப் பகிர விரும்பவில்லை என்றால் அது தடங்கல்தான், அவளைத் திட்டி ஒத்துக்கொள்ள வைப்பதால் அது தீராது. தேர்வு ஆண்டில் இருக்கும் பிள்ளை இருந்தால் ஓராண்டு தள்ளிப்போடலாம். அது தோல்வி ஆகாது.

அடி. இதை நீட்டிச் சொல்லியே ஆக வேண்டும், நம் குடும்பங்கள் பல இந்த இடத்தில்தான் நிற்கின்றன. வளர்ப்புப் பிள்ளையைக் கையாலோ பிரம்பாலோ எந்தக் காரணத்துக்கும் அடிக்கக்கூடாது. பட்டினி போடுவது, கழிப்பறையில் பூட்டுவது, பூச்சாண்டி காட்டுவது, மற்றவர் முன் மானத்தை வாங்குவது எதுவும் கூடாது. “நாங்களும் அடி வாங்கித்தான் வளர்ந்தோம், நல்லாத்தானே இருக்கோம்” என்று பேட்டியில் சொல்பவர் கெட்டவர் இல்லை. ஆனால் ஏற்கெனவே அடி வாங்கியதாலேயே வீட்டிலிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைக்கு ஓங்கிய கையே போதும், பழைய நடுக்கம் முழுக்கத் திரும்பிவிடும். “சரி, அடிக்க மாட்டோம்” என்று மட்டும் சொன்னாலும் போதாது. அப்படியென்றால் என்ன செய்வீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். பதில் இல்லாமல் விழிப்பதுதான் பெரும்பாலும் பயிற்சிக்குத் திருப்பி அனுப்பக் காரணமாகிறது.

மூன்று நிலைமைகளை வீட்டில் பேசி வையுங்கள். ஏழு வயதுப் பிள்ளை தலையணைக்கு அடியில் ரொட்டி, பிஸ்கட் ஒளித்து வைக்கிறது. திருட்டு என்று எடுத்துக்கொள்ளாமல், அடுத்த வேளை சோறு கிடைக்குமா என்ற பயம் என்று புரிந்துகொண்டு, எந்த நேரமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளும்படி வாழைப்பழமும் பிஸ்கட்டும் உள்ள ஒரு டப்பாவை அதன் பெயரிலேயே வைப்பது ஒரு நல்ல பதில். படுக்கையை நனைத்தால், நீர் புகாத உறையை முன்கூட்டியே போட்டு, யார் காதிலும் விழாமல் மாற்றிவிட்டு, தொடர்ந்தால் சமூக ஊழியரிடம் சொல்வது. பெற்ற அம்மாவைச் சந்தித்துவிட்டு வந்த மாலையில் பொருளை வீசி எறிந்தால், அன்றைக்குத் துணைப்பாட வகுப்பு வேண்டாம், பிடித்த சாப்பாடு, சீக்கிரம் தூக்கம், மறுநாள் பேச்சு. இப்படிப் பதில் சொல்லும் குடும்பம் பிள்ளையை நினைத்துப் பார்த்திருக்கிறது என்று பேட்டி எடுப்பவருக்கு உடனே தெரியும்.

எதற்காக முன்வருகிறீர்கள்

குழந்தை இல்லாத தம்பதிகளுக்கு இந்தக் கேள்வி வலிக்கும். வலித்தாலும் அதற்கு உண்மையாகவே பதில் சொல்லுங்கள். வளர்ப்புப் பராமரிப்பின் நோக்கம் முடிந்தவரை பிள்ளையைச் சொந்தக் குடும்பத்தோடு மீண்டும் சேர்ப்பது. தத்தெடுப்பு முற்றிலும் வேறு வழி. 2024 அக்டோபர் முதல் அதற்குப் புதிய சட்டம் நடப்பில் இருக்கிறது, தனி மதிப்பீடும் உண்டு. ‘முதலில் வளர்ப்போம், பிறகு நமக்கே கொடுத்துவிடுவார்கள்’ என்று எண்ணி வருபவர்களைப் பொறுத்திருக்கச் சொல்வதில் தப்பே இல்லை. அண்மையில் கருக்கலைந்தவர்கள், செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சையில் இருப்பவர்கள், வீட்டில் யாரையாவது பறிகொடுத்தவர்கள் ஆகியோரையும் கொஞ்சம் காத்திருக்கச் சொல்வார்கள். துக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு இன்னொரு பிரிவைச் சுமந்த பிள்ளையை அனுப்பினால் இரண்டு பக்கமும் தாங்காது.

பிள்ளையின் மதமும் பெயரும் மாறாது. திருநீறு பூசுவதோ, ஜெபக் கூட்டத்துக்குக் கூட்டிப் போவதோ நம் வீட்டுப் பழக்கமாக இருக்கலாம், அந்தப் பிள்ளைக்கு அதைத் தீர்மானிக்கும் உரிமை நமக்கு இல்லை. முஸ்லிம் பிள்ளை வந்தால் ஹலால் உணவு எப்படிக் கொடுப்பீர்கள் என்று கேட்டால், தனிப் பாத்திரம், எங்கே வாங்குவீர்கள் என்பதுவரை பதில் இருக்கட்டும். சைவ வீடு என்றால் அசைவம் சாப்பிட்டுப் பழகிய பிள்ளையை என்ன செய்வது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள்.

உடல்நலம், பழைய வழக்கு

சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் நம் வீடுகளில் இல்லாத இடமில்லை. இவை இருப்பதாலேயே யாரும் ஒதுக்கப்படுவதில்லை, கட்டுக்குள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பலதுறை மருந்தகத்தில் கடைசியாக எடுத்த மூன்று மாத சராசரி சர்க்கரை அளவு, தொடர்ந்து வருகிறார், வேலை செய்யத் தடையில்லை என்று மருத்துவர் எழுதிய சில வரிகள் இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். மனச்சோர்வுக்கு மருந்து எடுத்தவர்கள் மறைக்கவே கூடாது. எப்போது தொடங்கியது, இப்போது எந்த நிலை, யாரிடம் சிகிச்சை, மீண்டும் வந்தால் முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று சொல்ல முடிந்தவர் தன்னைத் தெரிந்து வைத்திருப்பவர். பழைய போலிஸ் வழக்கும் அப்படியே. இளவயதில் நடந்த சண்டையைத் தாமாகச் சொல்பவருக்கு விளக்கம் தர வாய்ப்பு கிடைக்கும். சோதனையில் தெரியவந்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

திருத்த முடியாதவையும் உண்டு. பிள்ளைகளைத் துன்புறுத்திய வரலாறு, வீட்டில் இன்னும் தொடரும் வன்முறை, விடாத போதைப் பழக்கம் இவற்றுக்கு முறையீடு செய்து பயனில்லை, செய்யவும் கூடாது.

பதில் வந்த பிறகு

ஓரிரு வாரம் ஆறப்போட்டுவிட்டு, நேரில் பேச நேரம் கேளுங்கள். கணவன் மனைவி இருவரும் போங்கள். எந்த அம்சம் காரணம், அது திருத்தக்கூடியதா, திருத்தியதற்கு எதைக் காட்ட வேண்டும், எவ்வளவு காலத்துக்குப் பிறகு மீண்டும் பார்ப்பீர்கள் என்ற நான்கையும் கேட்டு, பதிலை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கே ஒரு மின்னஞ்சலில் “நாங்கள் புரிந்துகொண்டது இது” என்று நாலு வரி அனுப்பிவிட்டால் பிற்பாடு சமூக ஊழியர் மாறினாலும் பேச்சு தொலையாது. அவர்கள் குறிப்பில் தகவல் பிழை இருந்தால் சண்டை வேண்டாம், சான்றை இணைத்து எழுதுங்கள்.

ஓர் இடத்தில் நின்றுபோனதை மறைத்து இன்னோர் அமைப்பில் புதிதாகப் போடாதீர்கள். “முன்பு இந்தக் காரணத்தால் நின்றது, இதைச் செய்திருக்கிறோம்” என்று ஆரம்பியுங்கள். இடைப்பட்ட காலத்தில் பிள்ளைகளோடு பழகிய அனுபவத்தைச் சேர்க்கலாம்: பார்ட்லி ரோட்டில் ராமகிருஷ்ண மிஷன் நடத்தும் சிறுவர் இல்லம் போன்ற இடங்களில் தொண்டூழியத்துக்குக் கேட்கலாம், குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சி எடுக்கலாம்.

கடைசியாக ஒரு தடங்கல், பலர் எதிர்பார்க்காதது. ஒப்புதல் கிடைத்தும் பிள்ளை வராமல் மாதங்கள் போகும். பெண் குழந்தை, ஒரு வயதுக்குள், தமிழ் பேசும் குடும்பம், உடல்குறை இல்லாமல் என்று குறுக்கிக்கொண்டே போனால் பொருத்தம் கிடைக்காது. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்குக் கைக்குழந்தையைவிடப் பள்ளிப் பிள்ளைதான் பொருந்தும், மாலையில் மாணவர் பராமரிப்பு நிலையத்திலிருந்து அழைத்துவர ஆள் இருந்தால் போதும். அக்கா தம்பியைச் சேர்த்து ஏற்கும் வீடுகளுக்கும் தேவை இருக்கிறது. எதை நிச்சயம் முடியாது, எதைப் பேசலாம் என்று இரண்டு பட்டியல் எழுதிக் கொடுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்துங்கள். வருடா வருடம் ஊருக்குப் போகும் வழக்கம் இருந்தால், பிள்ளையை வெளிநாடு அழைத்துப்போக முன்அனுமதி வேண்டும் என்பதையும் இப்போதே நினைவில் வையுங்கள்.

அழைப்பு வரும்போது பெரும்பாலும் அவசரமாகவே வரும். ஒவ்வாமை, மருந்து, தடுப்பூசி, எந்தப் பள்ளி, பெற்றோரைச் சந்திக்கும் நாள், இரவில் எப்படித் தூங்கும், வீட்டில் என்ன மொழி பேசும் என்ற கேள்விகளைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள். படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் போடக்கூடாது என்று உறவினர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பிரிக்காத பல்துலக்கி ஒன்று, இரண்டு அளவில் இரவு உடை, ஒரு சின்ன இரவு விளக்கு எடுத்து வைத்திருங்கள். புது இடத்தில் முதல் இரவு அந்த விளக்கை அணைக்க வேண்டாம்.